இருக்கு, ஆனா உங்களுக்கு இல்ல

1997-இல் ஃபெண்டர் கம்பெனி ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நினைவாக ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை வெளியிட்டது. ஹென்ட்ரிக்ஸ் இடதுகைக்காரர். வலதுகைக் கிடாரை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தவர். அவர் நினைவாக வந்த கிடாரோ அசல் இடதுகைக் கிடார். உடம்பின் வெட்டு, வளைவு, திருகுகள் எல்லாமே இடதுகைக்குச் செய்தவை. அப்பாடா, ஒருவழியாக இடதுகைக்காரர்களான நமக்கும் நியாயம் கிடைத்தது என்று எழுந்து நிற்காதீர்கள். தந்தியை மட்டும் வலதுகைக்காரர் வாசிப்பதற்காகக் கட்டியிருந்தார்கள். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயரைக் கண்ணாடி எழுத்தாகப் பொறித்திருந்தார்கள். ஏன் தெரியுமா? வலதுகைக்காரர் அதை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால், உள்ளே தெரிகிறவர் ஹென்ட்ரிக்ஸ் மாதிரியே இடதுகையால் வாசிப்பார். எழுத்தும் நேராகத் தெரியும்.

அதாவது, உலகத்தில் பிறந்ததிலேயே பெரிய இடதுகைக் கிடார்க்காரருக்கு அஞ்சலி செலுத்த இடதுகைக் கிடார் செய்தார்கள். செய்து வலதுகைக்காரர் கையில் கொடுத்தார்கள். அஞ்சலி போதவில்லை என்று 2015-இல் இன்னொரு ஹென்ட்ரிக்ஸ் மாடல் வந்தது. இந்தத் தடவை உடம்பே வலதுகைக்கு. தலையை மட்டும் திருப்பி வைத்து, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் சாய்வையும் மாற்றியிருந்தார்கள். இடதுகைக்காரர் கிடாரைத் தலைகீழாகப் பிடித்ததால் தற்செயலாகக் கிடைத்த அந்த ஒலி, தலைகீழாகப் பிடிக்கும் சிரமமில்லாமல் வலதுகைக்காரருக்குக் கிடைக்க வேண்டாமா? கஷ்டம் எங்களுடையது, ஒலி அவர்களுடையது.

ஃபெண்டர் இடதுகைக் கிடாரே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. செய்கிறார்கள். கிப்சன் செய்கிறது, ஐபானெஸ் செய்கிறது, ஷெக்டர் செய்கிறது. இடதுகைக்காரரான ராக் பாடகர் கர்ட் கோபேன் பெயரில் வந்த ஜாகுவாரும் மஸ்டாங்கும் இடதுகைக்கும் கிடைத்தன. அந்தப் புண்ணியத்தை மறைத்தால் எனக்கு நாக்கு அழுகிப்போகும். ஆனால் விலைப்பட்டியலைத் திறந்து பாருங்கள். வலதுகைக்கு ஒரே மாடலில் கடல்பச்சை, செர்ரிச் சிவப்பு, பாலேடு வெள்ளை, வானநீலம், பொன்வண்ணம் என்று ஜவுளிக்கடை மாதிரி விரித்து வைத்திருப்பார்கள். 'லெஃப்டி' என்று தேடினால் கறுப்பு. நல்ல நேரமாக இருந்தால் சன்பர்ஸ்ட். மேடையில் நாலு இடதுகைக்காரர்கள் வரிசையாக நின்றால், பகுத்தறிவாளர் மாநாடா, சபரிமலைக்கு மாலை போட்டவர்களா என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வரும்.

அதுவும் ஆறு தந்திக் கிடாருக்குத்தான். பேஸ் கிடார் என்றால் பட்டியல் பாதியாகச் சுருங்கும். ஐந்து தந்தி பேஸ் என்றால் பட்டியல் ஒரு வரி. ஃப்ரெட் இல்லாத பேஸ் வேண்டுமென்று கேட்டால் கம்பெனிக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

சரி, கடைக்குப் போவோம். சென்னையில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம், ஒரு கடையின் பெயரைப் போட்டால் மற்ற கடைகள் 'நாங்கள் என்ன இளைத்தவர்களா' என்று கோபித்துக்கொள்ளும். சுவர் முழுக்கக் கிடார்கள் தொங்குகின்றன.

"அண்ணே, லெஃப்ட் ஹேண்ட் பேஸ் இருக்கா?"

"பேஸ் இருக்கு சார்."

"லெஃப்ட் ஹேண்ட்?"

"பேஸ் இருக்கு சார்."

"இடதுகைல வாசிக்கிறதுண்ணே."

"அதுவா? யாரும் கேக்கறதில்ல சார். அதனால வைக்கிறதில்ல."

"இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையா?"

"எங்க சார்! போன வாரம் ஒரு பொண்ணு கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி சர்ச்ல வாசிக்கிற பையன் ஒருத்தன். ஒரு டாக்டர் அடிக்கடி வந்து கேப்பாரு. எல்லார்கிட்டயும் இல்லைன்னு சொல்லிட்டேன். இப்ப வர்றதில்ல."

இந்த ஒரு பதிலில் மொத்தத் தொழிலின் பொருளாதாரமும் இருக்கிறது. கேட்பார் இல்லாததால் வைப்பதில்லை. வைக்காததால் கேட்டவர் திரும்ப வருவதில்லை. திரும்ப வராததால் கேட்பார் இல்லை. வாங்கியவனுக்குத்தான் பில் உண்டு. வாங்காமல் போனவன் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. வருஷக் கடைசியில் கடைக்காரர் விநியோகஸ்தரிடம் 'லெஃப்டி ஒன்றுகூடப் போகவில்லை' என்று சொல்வார். வராத சரக்கு எப்படிப் போகும் என்று விநியோகஸ்தரும் கேட்கமாட்டார். அவர் அதைக் கம்பெனிக்கு எழுதுவார். கம்பெனி தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு கறுப்புக் கிடாரைக் குறைக்கும். மனிதரில் ஏறத்தாழ பத்துக்கு ஒருவர் இடதுகைக்காரர். பத்துக்கு ஒரு வாடிக்கையாளரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு 'மார்க்கெட் இல்லை' என்று சொல்ல எத்தனை தன்னம்பிக்கை வேண்டும்!

ஆர்டர் கொடுக்கலாம். முழுப் பணமும் முன்னால் கட்ட வேண்டும். வலதுகைக்காரருக்கு? அவர் மூன்று கிடாரை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஆம்பில் செருகி, தெரிந்த அந்த ஒரே பாட்டை அரை மணி நேரம் வாசித்து, காபி குடித்து, 'யோசிச்சுட்டு வர்றேன்' என்று கிளம்பலாம். நாங்கள் கழுத்தின் கனம் தெரியாமல், எடை தெரியாமல், ஃப்ரெட்டின் ஓரம் கையைக் கிழிக்குமா என்று தெரியாமல், புகைப்படத்தைப் பார்த்துத் தாலி கட்ட வேண்டும். வந்து இறங்கியதும் பிடிக்கவில்லை என்றால்? 'ஸ்பெஷல் ஆர்டர் சார், ரிட்டர்ன் கிடையாது.' நீங்களே வெளிநாட்டிலிருந்து தருவித்தாலோ கப்பல் கூலி, சுங்கவரி, ஜிஎஸ்டி மூன்றும் சேர்ந்து இன்னொரு கிடார் வாங்கும் அளவுக்கு வந்து நிற்கும்.

பழைய கிடார் வாங்கலாமே என்பீர்கள். ஒரு விளம்பரத்தில் அருமையான இடதுகை பேஸ், மிதமான விலை, பக்கத்து ஊர். நெஞ்சு படபடக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலைப்பகுதியில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடுகின்றன. பையன் செல்போனின் முன்கேமராவில் கண்ணாடிப் பிம்பமாக எடுத்த செல்ஃபி. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் படபடப்பு பழக்கம்.

இனி அந்த இலவச ஆலோசனை. கடைக்காரர் தருவார், பக்கத்தில் நிற்பவர் தருவார், கிடார் வாசிக்கத் தெரியாதவர் இன்னும் தாராளமாகத் தருவார்: "திருப்பிப் பிடிச்சு வாசிங்க சார். ஹென்ட்ரிக்ஸே அப்படித்தான்."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டும் நடக்கலாம்தான். கிடாரைத் திருப்பினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். நட் என்னும் அந்தச் சின்ன எலும்புத் துண்டில் தடித்த தந்திக்கு அகலப் பள்ளம், மெல்லிய தந்திக்கு ஒடுங்கிய பள்ளம். இடம் மாற்றினால் தடித்தது உள்ளே இறங்காது, மெல்லியது கடகடவென ஆடும். நட்டை மாற்றியாக வேண்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் நீளம் வேறு. அதை மறுபடி சரிசெய்யாவிட்டால் மேலே போகப் போகச் சுருதி விலகும். கைக்கு எட்டுவதற்காகக் கீழ்ப்பக்கம் செதுக்கிய வெட்டு இப்போது மேலே போய்விடும். உயர்ந்த ஃப்ரெட்டுகளுக்குக் கை போக முடியாமல் உடம்பு மறிக்கும். திருகுகள் முழங்கைக்கு அடியில் வந்து, வேகமாக வாசிக்கும்போது சத்தத்தை அவையே குறைத்துவிடும். வார் மாட்டும் குமிழ் தப்பான கொம்பில் இருப்பதால் பேஸ் தலைகவிழ்ந்து தொங்கும். ஒரு கை அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வாசிப்பதற்கு மூன்றாவது கை தேவை. ஹென்ட்ரிக்ஸ் இவ்வளவையும் தாண்டி வாசித்தார் என்றால் அது அவருடைய மேதைமை. அதைக் கடைக்காரரின் சரக்குக் கொள்கைக்குச் சான்றிதழாகக் காட்டுவது அயோக்கியத்தனம்.

முறையாக இடதுகைக்கென்றே செய்து வருவதிலும் எங்களுக்கு ஒரு சில்லறைப் பரிசு வைத்திருப்பார்கள். திருகுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், சத்தம் காதுக்குச் சீராகக் குறையும்படி ஒரு திசைக்குக் கணக்கிட்டுச் செய்தது. இடதுகைக்கு எதிர்த்திசைக் கணக்கில் செய்ததைப் போட வேண்டும். அப்படி ஒரு பாகம் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. பல கம்பெனிகள் வலதுகைப் பாகத்தையே வயர் மாற்றிப் பொருத்தி அனுப்பிவிடுகின்றன. பாதித் தூரம் திருகினாலும் சத்தம் குறைவதே தெரியாது. கடைசி நூலிழையில் சட்டென்று செத்துவிடும். இதற்குக் கூடுதல் விலை வேறு. அதே மரம், அதே பிக்கப், அதே தந்தி, ஆனால் 'லெஃப்டி' என்ற ஒரு சொல்லுக்கு விலை ஏற்றும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிறந்த 1954-இல் அச்சும் வார்ப்பும் தனியாகச் செய்ய வேண்டும், தொழிலாளி தனியாகப் பழக வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். இன்று மரத்தைக் கம்ப்யூட்டர் வெட்டுகிறது. வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கச் சொன்னால் அந்த இயந்திரம் முகம் சுளிக்காது. குறைந்த எண்ணிக்கையில் செய்தால் செலவு கூடும் என்பது உண்மைதான்; குறைந்த எண்ணிக்கையில் செய்வது என்று முடிவெடுத்தது யார்?

இத்தனைக்கும் இந்தத் தொழில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதைகள் எல்லாம் இடதுகைக்காரர்கள் பட்ட பாடுதான். பால் மெக்கார்ட்னி முதல் கிடாரை வாங்கி, ஏன் தன்னால் வாசிக்க முடியவில்லை என்று புரியாமல் தவித்தார். ஸ்லிம் விட்மன் என்ற பாடகர் இடதுகையால் வாசிக்கும் படத்தைப் பார்த்த பிறகுதான் தந்தியை மாற்றிக் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு படம் கண்ணில் படாதிருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். 1961-இல் ஹாம்பர்கில் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு அவர் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் வயலின் வடிவம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இடதுகையில் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அவரே சொன்ன காரணம். உலகத்தின் மிகப் பிரபலமான பேஸ், கேலிக்குப் பயந்த ஓர் இடதுகைக்காரரின் தேர்வு!

பர்மிங்காமின் டோனி அயோமி கதை இன்னும் மேல். இடதுகைக்காரர்; வலதுகை எஸ்ஜி கிடாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். அதே காலத்தில் வலதுகைக்காரர் ஒருவர் இடதுகை எஸ்ஜியைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்து மாற்றிக்கொண்டார்கள். மாபெரும் தொழிற்சாலைகளும் விநியோகஸ்தர்களும் கடைகளும் செய்ய முடியாததை இரண்டு பையன்கள் கைமாற்றில் முடித்துவிட்டார்கள். பிளாக் சப்பாத்தின் ஆரம்ப ஒலி அந்தக் கைமாற்றுக் கிடாரிலிருந்து வந்தது. இன்னொரு இடதுகைக்காரர் ஆல்பர்ட் கிங் தந்தியைக்கூட மாற்றவில்லை. வலதுகைக் கிடாரை அப்படியே கவிழ்த்து வாசித்தார். எலிசபெத் காட்டனும் அப்படித்தான்: பெருவிரல் மெட்டை வாசிக்க, மற்ற விரல்கள் பேஸை வாசிக்கும்.

"பார்த்தீர்களா, சமாளித்தார்களே!" என்கிறார்கள். சமாளித்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். முடியாதவர்களுக்கு ஏது பெயர்? அந்தக் கூட்டத்தை நான் இங்கே பார்க்கிறேன். கிடார் வகுப்புக்குப் போகிறது ஒரு பிள்ளை. பத்து வயது. கிடாரைக் கையில் எடுத்ததும் இயல்பாக இடதுகையால் மீட்டுகிறது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே கிடாரைத் திருப்பி வைக்கிறார். "ரைட்லயே பழகிக்கோம்மா. லெஃப்டி வாங்க முடியாது. அப்புறம் நீதான் கஷ்டப்படுவே." அன்பாகத்தான் சொல்கிறார். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே பிள்ளை இடதுகையில் பென்சிலைப் பிடித்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழுந்தது; சோற்றைத் தொட்டால் பாட்டி தட்டினாள். இன்று அடி இல்லை, ஆலோசனை. பிள்ளை மூன்று மாதம் முயல்கிறது. தாளம் அதற்கு மனதில் இருக்கிறது. மீட்டுகிற கைக்கு வரவில்லை. 'இதுக்கு மியூசிக் வராது' என்று வீட்டில் தீர்மானித்துவிடுகிறார்கள். கிடார் பரணுக்குப் போகிறது. எவனோ ஒருவனின் கிடங்கில் இடம் இல்லை என்பதற்காக ஒரு குழந்தைக்குத் தனக்கு இசை வராது என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். இதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. கறுப்பு நிறத்தை நான் சகித்துக்கொள்வேன்.

மாஸ்டர்களிடம் ஒரு தர்க்கம் தயாராக இருக்கும்: "ஃப்ரெட்ல கஷ்டமான வேலை எல்லாம் இடதுகைக்குத்தான். அப்ப ரைட் ஹேண்ட் கிடார் லெஃப்டிக்குத்தான் வசதி!" நல்லது ஐயா. அப்படியானால் இத்தனை காலமும் தப்பான கிடாரைப் பிடித்துக்கொண்டு அவதிப்படுவது நீங்கள்தான். கஷ்டமான வேலையைப் பாவம் அந்த இடதுகையிடம் ஏன் கொடுத்தீர்கள்? வாருங்கள், இந்தக் கறுப்புக் கிடாரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கமாட்டார். மார்க் நாஃப்ளர், ராபர்ட் ஃபிரிப், கேரி மூர் எல்லோரும் இடதுகைக்காரர்கள், வலதுகைக் கிடார்தான் வாசித்தார்கள் என்று பட்டியல் போடுவார். வாசித்தார்கள், அருமையாகவே வாசித்தார்கள். யாருக்கு அது கைவருகிறதோ அவர்கள் செய்யட்டும். சிலருக்குக் கைவந்ததை எல்லோருக்கும் சட்டமாக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நம் ஊருக்கு இந்த விவகாரம் புதிதும் அல்ல. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. வாத்தியத்துக்குக் குறையில்லை, கூடுதல் விலையுமில்லை. குறை மேடையில்தான் வந்தது. அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். நாலடி நகர்ந்து உட்கார மனம் வராதவர்கள் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் விடாப்பிடியாக அவரை மேடையேற்றினார். அந்த வாசிப்பு கர்நாடக இசைக்குக் கிடைத்தது, ஒரு பெரியவர் நாற்காலியையோ ஜமக்காளத்தையோ நகர்த்தச் சொன்னதால்தான். (எந்தத் தெரு யாருக்கு என்று வலங்கைச் சாதியாரும் இடங்கைச் சாதியாரும் 1707-இல் சென்னைப்பட்டணத்தையே கலக்கிய ஊர் இது. அந்தச் சண்டைக்கும் கைப்பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் யார் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறையே தனி.)

ஆகஸ்ட் 13 உலக இடதுகைக்காரர் தினம். அன்று ஒரு நாள் எங்களுக்குக் கம்பெனிகளின் வாழ்த்து வரும். ஹென்ட்ரிக்ஸ் படம், கோபேன் படம், மெக்கார்ட்னி படம். 'தனித்துவமானவர்களுக்கு வணக்கம்' என்கிற தோரணையில் நாலு வரி. வாழ்த்துக்கு நன்றி சொல்லிவிட்டு ஒரு பேஸ் வாங்கலாம் என்று போனால் அது ஸ்டாக்கில் இருக்காது.

ஏல மண்டபத்துக்கு மட்டும் எங்கள் மேல் தனிப் பிரியம். கோபேன் வாசித்த 1959-ஆம் வருஷத்து மார்ட்டின் கிடார் 2020-இல் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்று வரை ஏலத்தில் விற்ற கிடார்களிலேயே அதுதான் அதிக விலை. அது வலதுகைக் கிடார். இடதுகைக்காகத் தந்தி மாற்றிக் கட்டியது. 2022-இல் அவருடைய இடதுகை மஸ்டாங் சுமார் 45 லட்சம் டாலருக்குப் போனது. செத்தபின் கோடி கொட்ட ஆள் இருக்கிறது. இடதுகைக்காரன் உயிரோடு இருந்து, பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்றால்தான் 'மார்க்கெட் இல்லை'.

இடதுகைக்காரர்களே, ஒரு வேண்டுகோள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் கிடார் கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே போய்க் கேளுங்கள். 'இல்லை' என்றால் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் எழுதி முடிக்கும் வரை நகராதீர்கள். வலதுகைக்காரர்களே, நீங்களும் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தால் குறைந்துபோகமாட்டீர்கள். கிடார் மாஸ்டர்களே, பிள்ளை எந்தக் கையில் மீட்டுகிறதோ அந்தக் கையில் விட்டுவிடுங்கள். கிடார் தேடுவது பெரியவர்களின் வேலை. கடைக்காரர்களே, அத்தனை பெரிய சுவரில் ஒரே ஓர் ஆணி அடியுங்கள். அதில் ஓர் இடதுகை பேஸை, கறுப்பாகவே இருந்து தொலையட்டும், யாரிடமும் அட்வான்ஸ் வாங்காமல் மாட்டி வையுங்கள். அந்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.